ஒரே மெஷின், ஒரே சாஃப்ட்வேர், ஒரு யூனிட்ல ஓடுது இன்னொன்னுல ஓடல, உதவி ப்ளீஸ்

லேத்துப்பட்டறை:
வணக்கம். எங்களுக்கு ரெண்டு யூனிட், ஒன்னு சிட்டி பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, இன்னொன்னு 200 கிலோமீட்டர் தள்ளி, சுத்தி வேற கம்பெனியே கிடையாது. ரெண்டுலயும் அதே சிஎன்சி லேத்து (கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மெஷின்), அதே மானிட்டரிங் சாஃப்ட்வேர். சிட்டில மூணே வாரத்துல செட் ஆயிடுச்சு, அங்க எட்டு மாசமா இழுத்துக்கிட்டு கிடக்கு. டேஷ்போர்டுல மெஷின் அடிக்கடி நிக்கிறதா காட்டுது, சூப்பர்வைசரைக் கேட்டா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுங்கிறார், கையால எண்ணுன பீஸ் கணக்கும் அவர் சொல்றதுக்குத்தான் ஒத்து வருது. பார்ட்னர் "அந்த ஏரியா ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது"ன்னு முடிவே கட்டிட்டார். எனக்கு மனசு ஒப்பல. எங்க பாக்கணும்?

நைட்ஷிப்ட்:
ஆளுங்கள விடுங்க பாஸ். நின்னதா காட்டுற நேரம் எல்லா மெஷினுக்கும் ஒரே நிமிஷமா, தனித்தனியா?

லேத்துப்பட்டறை:
இப்பதான் பாத்தேன். நேத்து 11.42க்கு ஆறு மெஷினும் ஒன்னா நின்னு 11.58க்கு ஒன்னா ஓடியிருக்கு. எட்டு மாசமா இது கண்ணுல படல, வெக்கமா இருக்கு. அங்க ஃபைபர் கிடையாது, சிம் போட்ட ரௌட்டர்தான், தகர ஷெட்டுக்குள்ள.

நைட்ஷிப்ட்:
அப்போ நின்னது நெட் லைன்தான், மெஷின் இல்ல. தகவல் வரலன்னா சர்வர் "மெஷின் ஆஃப்"னு எழுதிக்குது. கேட்வேல, அதாவது மெஷின் தகவலை வாங்கி சர்வருக்கு அனுப்புற பெட்டில, பஃபர் ஆன் பண்ணுங்க, லைன் போனா உள்ளயே சேத்து வெச்சு அப்புறம் அனுப்பும். நேரத்தையும் கேட்வேலயே போடச் சொல்லுங்க, இல்லன்னா லேட்டா வர்றதெல்லாம் ஒரே நிமிஷத்துல குமிஞ்சுடும். தகவல் போறது எம்க்யூடிடி புரோட்டோகால்லன்னா கியூஓஎஸ் (மெசேஜ் போய்ச் சேருறதுக்கு எவ்வளவு உத்தரவாதம்ங்கிற செட்டிங்) 0 வேணாம், 1 வைங்க, ஆனா அதுல ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வரலாம், அதனால பீஸ் கணக்கை ஒவ்வொன்னா கூட்டாம மெஷினோட மொத்த எண்ணையே அனுப்புங்க. 1999ல சாட்டிலைட் வழியா எண்ணெய்க் குழாயைக் கண்காணிக்க எழுதுன புரோட்டோகால் அது, மோசமான லைன் அதுக்கு ஒன்னும் புதுசில்ல. ரௌட்டர் ஆண்டெனாவ ஷெட்டுக்கு வெளிய எடுங்க.

வயரிங்காரன்:
ஒரு சந்தேகம், சிட்டி யூனிட்ல இதே செட்டிங் முதல்லயே சரியா இருந்துச்சா?

லேத்துப்பட்டறை:
அங்க இருக்கறவங்கள கேட்டேன். இல்லையாம்! ரெண்டாவது நாளே இதே மாதிரி காட்டியிருக்கு, பக்கத்து பட்டறைக்காரர் "எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு"ன்னு சொல்லியிருக்கார், சாஃப்ட்வேர் கொடுத்த பையன் அன்னிக்கு மத்தியானமே பைக்ல வந்து மாத்திட்டுப் போயிட்டானாம். என் காதுக்கே வரல.

வயரிங்காரன்:
அதான் விஷயம். அங்க கேக்க பக்கத்துல ஒரு ஆள் இருந்தார், இங்க சூப்பர்வைசர் யாரைக் கேப்பார்? இன்னொன்னு, சிட்டில பெரிய கஸ்டமர் ரிப்போர்ட் கேட்டு நெருக்குவான், சாஃப்ட்வேர் ஓடலன்னா ஆர்டர் போயிடும், அந்த பயமும் இங்க இல்ல. சிட்டி எலக்ட்ரீசியனை ரெண்டு நாள் அங்க அனுப்பி, அவர் கைய வைக்காம அங்க உள்ள ஆளையே செய்யச் சொல்லுங்க.

லேத்துப்பட்டறை:
அப்டேட்: பஃபர் போட்டு பத்து நாள் ஆச்சு, ஆண்டெனாவும் கூரைக்கு மேல. லைன் இன்னும் போகுது, ஆனா ஓட்டை எல்லாம் தானா நிரம்பிடுது. டேஷ்போர்டுல "தகவல் இல்ல"ன்னு தனி கலர் வெச்சாச்சு, அதைக் கேட்டது சூப்பர்வைசர்தான். இப்போ நாலாம் நம்பர் மெஷின் மட்டும் தனியா நிக்குது, அது நிஜமாவே நிக்குது, அதுக்குத் தனி இழை போடுறேன்.