மராசினோ செர்ரிக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

(ஒரு மடற்குழுவில் வந்த மடல்கள். எழுதியவர்கள் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

கும்பகோணம்:

குழுவினருக்கு வணக்கம். கேட்டரிங் பட்டயப் படிப்புக்குச் செய்முறை நூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். ஒரு பாடம் தமிழ்த் தலைப்பு இல்லாமல் நிற்கிறது. செர்ரியைக் கொட்டை நீக்கி, சர்க்கரைப் பாகில் எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் சேர்த்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிராந்தியோ மராசினோ என்னும் செர்ரி மதுவோ ஊற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பது. காக்டெயிலிலும் ஐஸ்கிரீம் மேலும் போடுவார்களே, அது. மது வேண்டாதவர்கள் இரண்டு சொட்டு பாதாம் எசன்ஸ் விடலாம். 'பதப்படுத்தப்பட்ட செர்ரி' என்றால் டின்னில் வருவது, உலர்த்தியது, உறையவைத்தது எல்லாமே அதற்குள் வந்துவிடுகிறது. பிள்ளைகள் தேர்வில் எழுத வேண்டிய சொல், பார்த்துக் கொடுங்கள்.

திருவையாறு:

அம்மா, 'செர்ரி'யே ஆகாது. 'ரகார ழகாரம் குற்றொற்று ஆகா' என்கிறது தொல்காப்பியம். தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று நிற்காது. சேலாப்பழம் என்று பெயர் இருக்கிறதே! ஊறுகாய் போல 'ஊறுசேலா'. வினைத்தொகை. நேற்று ஊறியது, இன்று ஊறுவது, நாளை ஊறப்போவது மூன்றும் அதில் அடக்கம்.

மன்னார்குடி:

புலவர் ஐயா, நான் பேக்கரி வைத்திருக்கிறேன். என் கடையில் வந்து ஊறுசேலா என்று கேட்டால் பையன் பக்கத்து ஜவுளிக்கடையைக் கை காட்டுவான். அப்புறம், குறிலுக்குப் பின் ர் வரக்கூடாது என்றால் சர்க்கரை என்ன ஆகும்? பாகே காய்ச்ச முடியாதே.

திருவையாறு:

தம்பி, அதை முன்னோர் சருக்கரை என்று எழுதினார்கள்.

மன்னார்குடி:

சரி ஐயா, அப்போ இதைச் 'செருரி' என்று எழுதலாமா? எனக்குக் கேட்டால் 'செர்ரி மரப்பா'. ரயிலிலும் பஸ்ஸிலும் இஞ்சி மரப்பா விற்கிறார்கள், பாட்டி முதல் பேரன்வரை எல்லோருக்கும் தெரியும்.

மயிலாடுதுறை:

மரப்பா என்றால் கையில் ஒட்டுகிற கட்டி. இது பாகில் மிதப்பது. தவிர அது அரபியின் 'முரப்பா', உருது வழியாக இங்கே வந்தது.

திருவையாறு:

யார் சொன்னது? மரு என்றால் மணம். மரு + பாகு, மருப்பாகு, மரப்பா. இங்கிருந்து கப்பலேறி அரபு நாட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். மருக்கொழுந்து, மருவு, மருந்து எல்லாம் அந்த வேர்தான். விரிவாக நாளை எழுதுகிறேன்.

(எழுதினார். நான்கு திரை நீளம். மருதாணிவரை போனது. இங்கே சேர்க்கவில்லை.)

நாகப்பட்டினம்:

உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டால்மேஷியக் கடற்கரையில், இன்றைய குரோவேஷியாவில் விளையும் மராஸ்கா என்னும் புளிப்பும் கசப்புமான செர்ரியிலிருந்து எடுத்த மது மராசினோ. இத்தாலியில் அமாரோ என்றால் கசப்பு, பெயரின் அடி அதுதான். 1912இல் அமெரிக்க அரசு, மராஸ்காவை அந்த மதுவில் ஊறவைத்தால் மட்டுமே மராசினோ செர்ரி என்றது. 1920களில் ஆரிகன் வேளாண் கல்லூரியில் வீகண்ட் என்பவர், கால்சியம் உப்பு கலந்த கரைசலில் போட்டால் பழம் குழையாது என்று கண்டு முறைப்படுத்தினார். 1940இல் வரையறையே மாறிவிட்டது: சிவப்புச் சாயமும் சர்க்கரையும் ஏற்றிய, கசப்பு பாதாம் மணமுள்ள பாகில் கிடக்கும் செர்ரி எதுவானாலும் சரி. பெயரில் உள்ள மது அவர்கள் பாட்டிலிலேயே இல்லை. அதை நாம் எழுத்துக்கு எழுத்து சுமக்க வேண்டுமா?

டீச்சர், வீட்டுப் பாகில் சர்க்கரைச் செறிவு குறைவு, அதனால் ஃபிரிட்ஜ் கட்டாயம் என்று அழுத்தி எழுதுங்கள். பாதாம் மணத்துக்காகச் செர்ரிக் கொட்டையை உடைத்துப் போடச் சொல்லாதீர்கள். அதிலிருந்து சயனைடு உண்டாகும்.

மயிலாடுதுறை:

அதைவிட ஒரு சங்கதி. நம் பக்கத்துக் கல்யாணத்தில் ஸ்வீட் பீடா மேல் குச்சியில் குத்தி வருகிற சிவப்பு உருண்டை பல இடங்களில் செர்ரியே இல்லை, களாக்காய். உப்புநீரில் ஊறவைத்துப் பால் போக்கி, விதை எடுத்து, சாயமேற்றிப் பாகில் போட்டது. கும்பகோணம் வெற்றிலைக்கு மேல் உட்காருவதால் அதற்கு என்ன மரியாதை! காஷ்மீர்ச் செர்ரி மே முதல் ஜூலைவரைதான் வரும். மற்ற மாதங்களில் உங்கள் பிள்ளைகள் களாவில்தானே பழகப்போகிறார்கள்? பழத்தின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரைப் பிடியுங்கள்: 'பாகூறல்'. செர்ரிப் பாகூறல், களாப் பாகூறல்.

இன்னொன்று. புறநானூறு 177இல் நிறையக் குடித்துக் கண் சிவந்தவர்கள் புளிப்புக்கு ஏங்கித் 'தீம்புளிக் களா'வைத் தின்கிறார்கள். காக்டெயிலுக்குக் களா நம் பழைய வழக்கம்! பாடியவர் ஆவூர் மூலங்கிழார், வலங்கைமான் பக்கத்து ஆவூர்க்காரர்.

நாகப்பட்டினம்:

எந்த ஆவூர் அக்கா? அந்தப் பெயரில் ஊர் பல உண்டு.

(இதற்கு வந்த மடல்கள் தலைப்புக்கான மடல்களைவிட அதிகம்.)

மன்னார்குடி:

பாகூறல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் ஊறல் என்றால் 'சாராய ஊறல் அழிப்பு' ஒன்றுதான். கேட்டரிங் கல்லூரியில் ஊறல் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எவனாவது போன் போட்டால் டீச்சர் பாடு திண்டாட்டம்.

மயிலாடுதுறை:

பிராந்தி ஊற்றும் பண்டத்துக்கு அது பொருத்தம்தானே தம்பி?

திருவையாறு:

பாகு + ஊறல், உகரம் கெட்டுப் புணர்ந்தது சரி. ஆனால் படிக்கிறவன் 'பா கூறல்' என்று பிரிப்பான். செர்ரி செய்யுள் சொல்லுமோ? நான் ஊறுசேலாவிலேயே நிற்கிறேன்.

கும்பகோணம்:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'பாகில் ஊறிய செர்ரி' என்று தலைப்பு வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் 'பாகில் ஊறிய களா', தனிச் செய்முறையாக. களாவை விற்கும்போது செர்ரி என்று லேபிள் ஒட்டக்கூடாது என்று ஒரு வரியும் உண்டு. மராசினோ அடைப்புக்குறிக்குள் போகிறது. குழுவில் நான்கு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் பதிலே போடவில்லை.

திருவையாறு:

அது சொல் அல்ல அம்மா, சொற்றொடர். பாகில் நேற்று ஊறி முடிந்ததை மட்டும்தான் சொல்கிறது. ஃபிரிட்ஜில் இன்னும் ஊறிக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர்? இரண்டாம் பதிப்பு வரும்போது எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மருப்பாகு பற்றி இன்னும் இரண்டு சான்று கிடைத்திருக்கிறது, ஞாயிறு அனுப்புகிறேன்.