புதுப்பிப்பு: மைச் செலவு இரட்டித்த கதை

கிளிநொச்சியில் எங்கள் சிறிய அச்சகத்துக்கு வாங்கிய மதிப்பீட்டு மென்பொருள், 31ஆம் நாள் நினைவு மலர் எதற்கு விலை போட்டாலும் மைச் செலவை இரண்டு மடங்குக்கு மேல் காட்டுகிறது என்று போன கிழமை புலம்பியிருந்தேன். காரணம் அகப்பட்டுவிட்டது.

"அலகைப் பாரும் தம்பி" என்று எழுதிய அண்ணாவுக்கு நன்றி. மென்பொருள் அமெரிக்கக் கணக்கில் ஓடுகிறது: மை விலை இறாத்தலுக்கு (பவுண்டு நிறைக்கு), அது பரவும் அளவு இறாத்தலுக்கு இத்தனை சதுர அங்குலம். நானோ ஒரு கிலோ டின்னின் விலையை அப்படியே போட்டிருக்கிறேன். 1 கிலோ என்பது 2.2046 இறாத்தல், பிழையும் அதே அளவுதான். இறாத்தல் பாண் வாங்கி வளர்ந்தவனுக்கு இது வெட்கம்.

தோண்டியபோது இன்னொன்றும் வந்தது. மென்பொருளில் பொன்நிற மைக்குக் கறுப்பு மையின் பரவும் அளவையே நகலெடுத்திருந்தேன். உலோக மை அவ்வளவு தூரம் பரவாது. கலியாண அட்டைகளுக்குக் குறைத்தே விலை சொல்லியிருக்கிறோம். இப்போது அதற்குத் தனிப் பதிவு. மை மாற்றும்போது இயந்திரத்தின் உருளை கழுவும் நேரமும் சேர்த்தாயிற்று. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும் என்பதால் அதற்கும் வேறு அளவு.

நேற்று ஓர் அட்டைக்குப் போட்ட விலை பழைய கொப்பிக் கணக்கோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. முதலாளி இன்னும் கொப்பியை மூடவில்லை.