புதுப்பிப்பு: இரண்டு செட்டாப் பாக்ஸ், மூன்று அறை

இரண்டு செட்டாப் பாக்ஸை வைத்துக்கொண்டு ஹால், படுக்கையறை, மாடி அறை மூன்றிலும் டிவி பார்க்க வழி கேட்டிருந்தேனே, அந்த வேலை முடிந்துவிட்டது.

டிஷ் கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டரால் பிரிக்கச் சொன்னவர்களுக்கு: அது சரிப்படாது. பாக்ஸ் அதே கேபிள் வழியாக எல்என்பிக்கு (டிஷ் முன்னால் இருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் செங்குத்து அலையா கிடைமட்ட அலையா என்று தேர்ந்தெடுக்கிறது, இரண்டு பாக்ஸும் ஒரே கம்பியில் வெவ்வேறாகக் கேட்டால் அதிக வோல்ட் கேட்டதுதான் ஜெயிக்கும், மற்ற அறையில் பல சேனல்கள் காணாமல் போகும். அதனால் நான்கு வெளியீடு உள்ள எல்என்பி மாட்டி, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தாயிற்று. இழுப்பதுதான் பெரும்பாடு. சுவரைத் துளைக்கவே முடியாத வீடென்றால் யூனிகேபிள் எல்என்பி பார்க்கலாம், ஒரே கேபிளில் பல பாக்ஸ் ஓடும், ஆனால் பாக்ஸும் அதை ஏற்க வேண்டும்.

மாடிக்குத் தனி பாக்ஸ் இல்லை. ஹால் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ இணைப்பை ஸ்ப்ளிட்டரால் பிரித்து, கேட் 6 கேபிளில் (இணையத்துக்குப் போடும் நெட்வொர்க் கேபிள்) எக்ஸ்டெண்டர் (சிக்னலைத் தூரத்துக்கு எடுத்துச் செல்லும் கருவி) வழியாக மேலே அனுப்பினேன். ரிமோட் சிக்னலைத் திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் சேனல் மாற்ற மாடிப்படி இறங்க வேண்டும். ஹாலில் ஓடுவதுதான் மேலேயும் ஓடும், கிரிக்கெட் நாளில் சண்டை உறுதி.

அப்புறம், எச்டிசிபி (படத்தை நகலெடுக்க விடாத பாதுகாப்பு முறை) ஏற்காத எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வேண்டாம், கறுப்புத் திரைதான் மிஞ்சும்.