ஹேமர்ஃபெல்லும் பேரரசும் இனி ஒன்றுசேர முடியுமா?

களியக்காவிளை வாசகர் கேட்கிறார்:
'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி விளையாட்டுத் தொடரின் கற்பனை உலகில், நான்காம் யுகத்தில் மனிதர்களின் பேரரசுக்கும் தால்மோர் என்ற எல்ஃப் ஆட்சியாளர்களுக்கும் நடந்த பெரும்போரைப் பற்றி, அத்தொடரின் 'ஸ்கைரிம்' ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் வரலாற்று நூலை மறுபடி வாசித்தேன். 174-இல் தலைநகரை இழந்து மறு ஆண்டே மீட்ட பேரரசர் இரண்டாம் டைட்டஸ் மீட், வென்ற கையோடு ஒயிட்-கோல்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, தெய்வமாக வணங்கப்பட்ட முன்னாள் பேரரசர் டேலோஸின் வழிபாட்டைத் தடைசெய்யவும் பேரரசின் மாகாணமான ஹேமர்ஃபெல்லின் தென்பகுதியைத் தால்மோருக்கு விட்டுக்கொடுக்கவும் இசைகிறார். இதை ஏற்க மறுத்த ஹேமர்ஃபெல்லைப் பேரரசு கைகழுவியது. அந்நாடோ தனித்தே போரிட்டு, 180-இல் எல்ஃப் படைகளை வெளியேறச் செய்தது. அடுத்து வரும் கதையில் இவ்விரு நாடுகளும் சேர வழியுண்டா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
சேர்வது கடினம், நண்பரே. பேரரசர் கோழையல்லர், போர் முடிந்தபோது எந்தப் படையணியிலும் பாதிக்கு மேற்பட்ட வீரர்கள் களமிறங்கும் நிலையில் இல்லை என்று அதே நூல் சொல்கிறது. ஆனால் ஹேமர்ஃபெல் தனியாக நின்று காட்டியதால், அந்த உடன்படிக்கையே தேவையற்றது என்று ஹேமர்ஃபெல்லின் ரெட்கார்டு மக்கள் சொல்ல இடமாகிவிட்டது. இந்த மனக்கசப்பைத் தூதர்களை அனுப்பித் தீர்த்துவிட முடியாது.

தக்கலை வாசகர்:
விடை அந்த நூலிலேயே, ஓரிரு வரிகளில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பேரரசின் மையமான சிரோடீலுக்குத் திரும்பும்படி ஆணை வந்தபோது, ஹேமர்ஃபெல்லை அடியோடு கைவிட மனமில்லாத பேரரசுத் தளபதி டெசியானஸ், திடகாத்திரமான வீரர்கள் பலரை 'போருக்குத் தகுதியற்றவர்கள்' என்று எழுதிப் படையிலிருந்து விடுவித்துவிட்டுப் புறப்படுகிறார். அவர்களை மையமாகக் கொண்டு திரண்ட படைதான் எல்ஃப் படைத்தலைவி அரனெல்யாவின் சேனையை ஹேமர்ஃபெல்லின் ஆலிகர் பாலைவனத்தின் குறுக்கே பின்வாங்க வைத்தது. பேரரசின் சம்பளத்தில் வளர்ந்து, பேரரசு கைவிட்ட மண்ணுக்காக இரத்தம் சிந்திய இவர்களின் பிள்ளைகள் எந்தக் கொடியின் கீழ் நிற்பார்கள்? அடுத்த கதை இங்கிருந்து தொடங்கினால் அதைவிட வலுவான முடிச்சு வேறில்லை.

எங்கள் பக்கத்துக் குளச்சலில் 1741-இல் டச்சுப் படை தோற்றபோது சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையையே பயிற்றுவித்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. போர்க்களத்தில் மனிதர்களின் பற்று இடம் மாறுவதை வரலாறு அறியும். டச்சுக்காரர்கள் மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்துகொண்டதோ 1753-இல்தான்.

களியக்காவிளை வாசகர்:
நன்றி, அண்ணா. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் வரும் உள்நாட்டுப் போரில் யார் வென்றார்கள் என்பதை ஆடுபவர்தான் தீர்மானிக்கிறார் என்பதால், அதை அடித்தளமாக வைத்துக் கதையை நகர்த்துவது எழுத்தாளர்களுக்குச் சிக்கல். ஹேமர்ஃபெல்லின் போரிலோ முடிவு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. 2018-இல் வெளியான 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' ஆறாம் பாகத்தின் முன்னோட்டம் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும், அந்தக் கைவிடப்பட்ட வீரர்களின் வழித்தோன்றல் ஒருவராக ஆட்டத்தைத் தொடங்கி, உதவி கேட்டு வரும் பேரரசின் தூதருக்கு என்ன பதில் சொல்வது என்பதை நாமே முடிவுசெய்யும்படி அமைந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.