இரவில் கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

தென்காசிச் சாரல்:
தங்கைக்காகக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான். வயது 26, சென்னையில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறாள். காலையில் காபி மட்டும். மதியம் ரெண்டு சப்பாத்தி, அதுவும் சில நாள் இல்லை. இரவு பத்து மணிக்கு ரூமுக்கு வந்ததும் ஒரு பாக்கெட் பிரெட், 200 கிராம் மிக்சர், ஆர்டர் பண்ணின பிரியாணி, மேலே ஐஸ்கிரீம் என்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. வயிறு வலிக்கிற வரை நிறுத்த முடியவில்லை என்கிறாள். வாரத்தில் 3, 4 நாள் இப்படி, நாலு மாதமாக நடக்கிறது. வாந்தி எடுப்பதில்லை. மறுநாள் பட்டினி கிடக்கிறாள். அம்மா "வாயைக் கட்டு" என்கிறார். இது பழக்கமா, நோயா? முதலில் எதைச் சரி செய்ய வேண்டும்?

பருப்புப்பொடி:
நீங்கள் எழுதியிருப்பது பிஞ்ச் ஈட்டிங் (binge eating), அதாவது கட்டுப்பாடு இழந்து அளவுமீறிச் சாப்பிடுவது. மனநல மருத்துவர்கள் நோயை வகைப்படுத்தப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 (2013) இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. குறுகிய நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியாத உணர்வு, அதற்குப் பிறகு கடுமையான குற்ற உணர்ச்சி, இது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதம் நீடிப்பது. இவைதான் முக்கிய அளவுகோல்கள். மறுநாள் பட்டினி கிடப்பதும் இருப்பதால், எந்த வகை உணவுக் கோளாறு என்று உறுதியாகச் சொல்ல வேண்டியது டாக்டர்தான். ஆனால் "வாயைக் கட்டு" என்பதில் அடங்குகிற விஷயம் இல்லை இது.

முதலில் சரி செய்ய வேண்டியது இரவை அல்ல, காலையை. காபியோடு ஓடுகிற உடம்பு இரவு பத்து மணிக்குப் பிரியாணி கேட்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பகல் முழுக்க சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும், வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் அவர்களில் உண்டு. மனவலிமை இல்லாத ஆட்கள் அல்ல, பட்டினி செய்கிற வேலை அது.

ஆகவே மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் 2 அல்லது 3 சிறுதீனி. எந்த இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பி.ஜி.யில் இருப்பவருக்கு இப்படி வைக்கலாம்:

8:30 – மூன்று நாலு இட்லி, சாம்பார், கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு டம்ளர் பால்
11:30 – வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த கடலை
1:30 – சோறு, குழம்பு, பொரியல், தயிர். வெறும் சப்பாத்தி போதாது
4:30 – ஒரு கிண்ணம் சுண்டல், டீ
8:00 – இரவுச் சாப்பாடு, ஆபீஸிலேயே
10:30 – தேவைப்பட்டால் ஒரு டம்ளர் பால்

அந்த எட்டு மணிச் சாப்பாடுதான் உயிர்நாடி. ரூமுக்குப் போய் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தள்ளினால் மற்ற ஐந்தும் வீண். பசி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பட்டினியும் அளவுமீறலும் மாறி மாறிப் பழகிய வயிற்றின் பசிக்கணக்கு கொஞ்ச காலம் தப்பாகத்தான் காட்டும். அதுவரை கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

இந்த ஏற்பாடு உடைகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: அளவுமீறிச் சாப்பிட்ட இரவுக்கு அடுத்த காலை. "நேற்றே அவ்வளவு சாப்பிட்டாச்சு, இன்னைக்கு வேண்டாம்" என்று தோன்றும். அன்று ரெண்டு இட்லியாவது கட்டாயம். அதைத் தவிர்த்தால் அன்றிரவுக்கான அடித்தளம் காலையிலேயே போட்டாகிவிட்டது.

கூழாங்கல்:
மேலே உள்ளதோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். போனிலேயே எழுதலாம். மணி, என்ன சாப்பிட்டாள், எந்த இடம், அளவு மீறியது என்று அவளுக்குத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது அல்லது மனதில் என்ன ஓடியது. அவ்வளவுதான். கலோரி எழுதவே கூடாது. எழுதினால் குறிப்பேடு தண்டனைப் பட்டியலாக மாறிவிடும். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் மதியம் விட்டுப்போனது மறந்துபோகும், நமக்குத் தேவையே அந்த விவரம்தான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் நட்சத்திரங்கள் எந்த நாளில் கூடுகின்றன என்று தெரியும்: நீண்ட இடைவெளி, தூக்கம் குறைந்த நாள், மேனேஜரோடு மீட்டிங், மாதவிலக்குக்கு முந்தைய வாரம், தனியாக இருக்கும் சனிக்கிழமை.

உந்துதல் வந்துவிட்டால், அது அலை மாதிரி ஏறி இறங்கும் என்பதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் தள்ளிப்போடுவதுதான் வேலை, "சாப்பிடவே மாட்டேன்" என்ற சபதம் வேண்டாம். அந்த 20 நிமிடத்துக்குக் கையும் உடம்பும் ஈடுபடுகிற காரியம் தேவை: குளிப்பது, துணி துவைப்பது, மாடியில் நடப்பது, உங்களுக்குப் போன் செய்வது. ரீல்ஸ் உதவாது, கை சும்மாதான் இருக்கும். பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கதவில் ஒட்டிவிட வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க வராது. டெலிவரி ஆப்பில் சேமித்த கார்டை எடுத்துவிடட்டும். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டியிருப்பதே ஒரு சின்ன தடுப்பு.

வேப்பமரத்தடி:
அப்படியே மிக்சர், பிரெட் எல்லாம் ரூமில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும் இல்லையா?

கூழாங்கல்:
முதல் மூன்று நாலு வாரத்துக்கு மட்டும் சரி. நிரந்தரமாக விலக்கினால் "தொடக் கூடாத பொருள்" என்ற பட்டியல் உண்டாகும். அந்தப் பட்டியலில் உள்ளதை ஒரு வாய் தின்றதும் "இன்னைக்குக் கெட்டுப்போச்சு, இனி என்ன" என்று மீதியும் போய்விடும். சாப்பாட்டு நேரம் நிலைப்பட்ட பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதிகம் பயப்படாத பொருளில் தொடங்கலாம். மிக்சர் என்றால் கால் கிலோ வாங்க வேண்டாம், சின்ன பாக்கெட். கிண்ணத்தில் கொட்டி, மதியம் நன்றாகச் சாப்பிட்ட நாளில் 4:30 மணிக்கு, யாராவது கூட இருக்கும்போது. இரவில், தனியாக, பாக்கெட்டிலிருந்து நேராக என்றால் வேண்டாம்.

தென்காசிச் சாரல்:
ரொம்ப நன்றி. மூன்று சிக்கல்: பி.ஜி.யில் டிபன் 9 மணிக்கு முடிந்துவிடும், அவள் எழுவது 9:30. காலையும் இரவும் எடை பார்க்கிறாள். புரட்டாசி சனிக்கிழமை விரதத்தை விட மாட்டேன் என்கிறாள்.

பருப்புப்பொடி:
டிபன்: எழுந்ததும் பால், வாழைப்பழம், ரெண்டு ஸ்பூன் கடலை வெண்ணெய் தடவிய பிரெட். பிரெட்டே பயம் என்றால் அவல், தயிர். முதல் நாள் இரவே எடுத்து வைக்க வேண்டும்.

எடை: வாரத்துக்கு ஒரே நாள், ஒரே நேரம். இரவு உப்பும் மாவும் அதிகம் போனால் உடம்பில் நீர் தங்கி மறுநாள் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும், அது கொழுப்பு இல்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பட்டினி கிடந்தால் சுற்று மறுபடி ஆரம்பம்.

விரதம்: இந்த ஆண்டு ஒத்திவைக்கச் சொல்லுங்கள். உடல்நிலை சரியில்லாதவர் விரதம் இருக்க வேண்டியதில்லை என்று பெரியவர்களே சொல்வார்கள். மாவிளக்கு போடலாம், அன்றைக்கு நாலு பேருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம். அம்மா சொன்னால் கேட்பாள் என்றால் அதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். "எவ்வளவு சாப்பிட்ட?" என்ற கேள்வியை நிறுத்தி, "எட்டு மணிக்குச் சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும்.

வார்டு விளக்கு:
மருத்துவப் பக்கம் சொல்கிறேன். நாலு மாதம், வாரம் 3, 4 நாள் என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். பேச்சுக்காவது ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

முதலில் கேட்க வேண்டிய சிகிச்சை சி.பி.டி. எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட பரிந்துரையில் பெரியவர்களுக்கு முதல் படியாக, சி.பி.டி. புத்தகத்தை வைத்துத் தானே செய்து, இடையிடையே ஒருவர் துணை நிற்கும் சுயஉதவி முறையைச் சொல்கிறது: 16 வாரத்தில், 20 நிமிடம் வீதம் 4 முதல் 9 சந்திப்பு. நாலு வாரத்தில் பலன் இல்லையென்றால் குழுவாகச் செய்யும் சி.பி.டி. மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. "உணவுக் கோளாறுக்கு சி.பி.டி. செய்கிறீர்களா, குறிப்பேடு உண்டா?" என்று போனிலேயே கேளுங்கள். டயட் சார்ட் மட்டும் தருபவரிடம் போக வேண்டாம். இந்தச் சிகிச்சை அளவுமீறலை நிறுத்தும், எடையைப் பெரிதாகக் குறைக்காது. இதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரெண்டாவது மாதத்தில் ஏமாற்றத்தில் விட்டுவிடுவாள்.

சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு, ஓலான்சபின் (ஒரு மனநோய் மருந்து) போன்றவை பசியைக் கூட்டும். ஏதாவது எடுத்தால் டாக்டரிடம் சொல்லணும், தானாக நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

வாந்தி எடுக்கவோ பேதி மாத்திரை போடவோ ஆரம்பித்தால் அந்த வாரமே டாக்டர். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். மயக்கம், படபடப்பு என்றால் நேராக அவசரப் பிரிவு. "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

தென்காசிச் சாரல்:
எத்தனை நாளில் மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்கலாம்?

கூழாங்கல்:
நாளைக்கே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் முதலில் குறைவது தடவைகள். நாலு நாள் ரெண்டாகும், பிறகு ஒரு தடவைக்கான அளவு இறங்கும். வாரா வாரம் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். நின்ற பிறகும் வேலை மாற்றம், காய்ச்சல், பிரிவு என்று ஏதாவது வரும்போது ஒருநாள் திரும்பலாம். அப்போது அந்த ஆறு வேளை நேரத்தையும் குறிப்பேட்டையும் ரெண்டு வாரத்துக்கு மறுபடி எடுத்தால் போதும். இந்த ஞாயிறு செய்ய வேண்டியது: ஆபீஸ் கேன்டீன் இரவு எத்தனை மணி வரை என்று கேட்பது. எட்டு மணிக்கு முன் மூடுகிறார்கள் என்றால் மதியமே சோறு, கூட்டு கட்டி வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.