பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்வது யார் குற்றம்?

தடா வாத்தியார்:
பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாய் மூடும்போதெல்லாம் மனிதனைக் குறைசொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2015 எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடான ஆண்டு. திருவள்ளூர் மாவட்டமே வெள்ளக்காடானது. மறு ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. பசிபிக் கடல் சூடானால் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெரும்பாலும் மழை கூடும். வெள்ளம் பாய்ந்தால் மணல்திட்டு உடையும். பாயாத ஆண்டில் அலை மூடிவிடும். இதில் குற்றவாளி எங்கே?

குப்பத்துக்காரன்:
வாத்தியார் ஐயா, வெள்ளத்தை ஏரிவரை வரவிடுகிறோமா? ஆரணியாறு ஆந்திராவில் பிறக்கிறது, பிச்சாட்டூரில் அணையில் நிற்கிறது. கடலோர மணலோ ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; துறைமுகச் சுவர் குறுக்கே நின்றால் அந்தப் போக்கும் கெடும். போன வைகாசியில் மண்வெட்டியோடு போய் நாங்களே வாயை வெட்டினோம். விடியலில் இடுப்பளவு ஆழம். கஞ்சி குடித்துவிட்டு வருவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. வாய் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ வழக்கத்தில் என் முறை வந்த இரவு, வலை நிறையப் பாசி.

சூளூர்ப்பேட்டை வாசி:
வாத்தியாரின் சூத்திரம் 2021-இல் உதைக்கிறதே. அது லா நினா ஆண்டு, பசிபிக் கடல் குளிர்ந்த ஆண்டு; ஆனாலும் நவம்பரில் கொட்டித் தீர்த்தது. இன்னொன்று: ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியின் நீரோட்டத்தை மறித்துக் குறுக்கேதான் போகிறது. தையில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் சித்திரையில் வந்து பாருங்கள். வடபகுதியில் தண்ணீர் இருக்காது, வெள்ளை உப்பு பூத்துக் கிடக்கும்.

தடா வாத்தியார்:
‘பெரும்பாலும்’ என்றுதான் எழுதினேன், தம்பி. இந்தியப் பெருங்கடலின் வெப்பமும் சேர்ந்தே கணக்கு. மழை ஊசலாடுவதை நாம் நிறுத்த முடியாது. சரி, கற்சுவர் கட்டி வாயைத் திறந்தே வைத்தால் கடல்நீர் புகுந்து உப்பு ஏறாதா?

குப்பத்துக்காரன்:
மழைக்காலத்தில் ஏறும். கோடையில் நேர்மாறு, ஐயா. வெயிலில் வற்றிய ஏரி கடலைவிட உப்பாகிவிடும். கடல்நீர் வந்தால்தான் குறையும். நாக்கில் வைத்தாலே தெரியும். மழை ஊசலாடுவதை ஒப்புக்கொள்கிறேன். பிச்சாட்டூர்க் கதவு எந்தெந்த ஆண்டு, எத்தனை நாள் திறந்திருந்தது? அந்தக் கணக்கு உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள்.