மருந்தை நிறுத்தினால் இப்படி ஆகும் என்று சொல்லாதவர்கள் மேல் வழக்குப் போட முடியுமா?

பிறை_மல்லிகா
கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது மனப்பதற்றத்துக்கு ஒரு தனியார் கிளினிக்கில் வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். இரண்டு வருடம் சாப்பிட்டேன். போன தீபாவளிக்குப் பினாங்கு வந்தபோது பாக்கெட்டை வாடகை அறையிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறேன், கண்ணை இப்படி அந்தப் பக்கம் திருப்பினால் தலைக்குள் 'ஜிவ்'வென்று கரண்ட் அடிக்கிறது. ராத்திரி வாந்தி, வியர்வை, காரணமே இல்லாத அழுகை. அம்மா கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்.

நான்காவது நாள் பட்டர்வொர்த்தில் ஒரு டாக்டர்தான் மருந்தை விட்டதால் வந்தது என்றார். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதே மாதிரியான சிம்பால்டா என்ற டுலாக்செட்டின் மருந்துக்காக எலி லில்லி நிறுவனத்தின்மேல் இதே காரணத்துக்கு 2012இல் கூட்டு வழக்குப் போட்டார்கள். நாம் ஏன் போடக்கூடாது?

செந்தூல்காரன்
மல்லிகா, பட்டது கொடுமைதான். ஆனால் அந்த வழக்கின் மீதிக் கதையையும் படியுங்கள். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக ஏற்கவே மறுத்தது. அதற்கப்புறம் தனித்தனியாக நடந்த வழக்குகளில் 2015இல் இரண்டு ஜூரிகளும் கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள். நான் வக்கீல் ஆபிசில் பதினொரு வருடம் குமாஸ்தா. 'எல்லாரும் சேர்ந்து போடலாம்' என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

கதிர்_பிஜே
எனக்கு இந்தத் தலைப்பே பிடிக்கவில்லை. என் தம்பி இந்த மருந்துகளால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். இப்படிப் பயமுறுத்தினால் நாளைக்கு நாலு பேர் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். 2024இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த ஆய்வைப் பாருங்கள். மருந்தை விட்டவர்களில் 31 விழுக்காட்டினருக்கு உபாதை வந்தது, சரி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெறும் சர்க்கரை மாத்திரையை விட்டவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 35 பேரில் ஒருவர்தான்.

பிறை_மல்லிகா
கதிர், அந்த 35இல் ஒருத்தி நான். நான் மருந்தைக் குறை சொல்லவே இல்லை, எனக்கும் அது உதவியது. விடும் விதத்தை ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்கிறேன். சிம்பால்டா கதையிலும் அதுதான். மருந்தை விட்டால் உபாதை வருவது '1 விழுக்காடு அல்லது அதற்கு மேல்' என்று விவரக்குறிப்பில் போட்டிருந்தார்கள். 2005இல் வெளிவந்த ஆய்வில், அதுவும் கம்பெனியே நடத்தியதில், 44 விழுக்காடு. 44ம் 1க்கு மேல்தான், பொய் இல்லை! 'பத்துமலை தைப்பூசத்துக்கு ஒரு ஆளுக்கு மேல் வருவார்கள்' என்று சொல்வதைப் போல.

கதிர்_பிஜே
அந்த ஆய்விலும் சர்க்கரை மாத்திரைக்காரர்கள் 23 விழுக்காடு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_மருந்தாளர்
யாராவது இதைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். டாக்டரிடம் பேசி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், குறைத்துக்கொண்டே வரவேண்டும். வென்லாஃபாக்சின் உடம்பில் வெகுநேரம் தங்காது, பாதி அளவு சில மணி நேரத்திலேயே போய்விடும். அதனால்தான் மல்லிகாவுக்கு மறுநாளே ஆரம்பித்தது. ஃபுளுவாக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து மெதுவாக வெளியேறும், அதில் இந்தத் தொல்லை குறைவு.

டுலாக்செட்டினில் இன்னொரு சிக்கல். சிம்பால்டா 20, 30, 60 மில்லிகிராம் கேப்சூலாகத்தான் வந்தது. உள்ளே குருணை குருணையாக இருக்கும், திறக்காமல் விழுங்கு என்று எழுதியிருக்கும். 20க்குக் கீழே எப்படிக் குறைப்பது? வழக்குப் போட்டவர்கள் இதையும் கேட்டார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

செந்தூல்காரன்
நியாயம் வேறு, வழக்கு வேறு அண்ணே. அங்கே கம்பெனிகள் சொல்லும் வாதம் இது: 'எச்சரிக்க வேண்டியது டாக்டரை, நாங்கள் எச்சரித்துவிட்டோம்.' அதை உடைப்பது லேசில்லை. கலிஃபோர்னியாவில் அந்தக் கூட்டு வழக்கைப் போட்டவர்கள் உடல் உபாதைக்குக்கூட நஷ்டஈடு கேட்கவில்லை. உண்மை தெரிந்திருந்தால் இந்த விலை கொடுத்திருக்க மாட்டோம், வித்தியாசத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். மருந்து விலையில் காப்புறுதி நிறுவனமும் பங்கு கட்டுவதால், நோயாளி இழந்தது எவ்வளவு என்ற அந்தக் கணக்கு நிற்கவில்லை.

இங்கே மலேசியாவுக்கு வாருங்கள். ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் வேலை எடுக்க 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் விடாது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம், ஆனால் உடல் பாதிப்பு அதில் சேராது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுதான பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதே சட்டம் டாக்டர்களின் சேவையை விலக்கியும் வைத்திருக்கிறது!

பிறை_மல்லிகா
அப்படியானால் டாக்டர்மேல் வழக்கே போட முடியாதா?

செந்தூல்காரன்
கவனக்குறைவு என்று போடலாம். ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் அது போதுமானதா என்று டாக்டர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது, நீதிமன்றமே பார்க்கும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு பெண் போட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்தது 2006 டிசம்பரில். அந்தப் பெண்ணுக்குக் கார் விபத்து நடந்தது 1982இல். இருபத்து நாலு வருடம், மல்லிகா. நீங்கள் நாலு நாள் உபாதைக்கு எத்தனை வருடம் கொடுப்பீர்கள்?

ஜெலுத்தோங்_மருந்தாளர்
கம்பெனி, கோர்ட் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம், நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட்டோம். இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் விற்கிறார். உள்ளே ஒருவர் மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேரையும் 'ஒரு நாளைக்கு 1'ஐயும் எழுதிக் கொடுக்கிறார். பெட்டி அங்கேயே கிடக்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளும் அங்கேயே. கம்பெனி ஒழுங்காக எழுதியிருந்தாலும் உங்கள் கைக்கு எங்கே வரும்? 2025 மே மாதம் விலைப்பட்டியல் வைக்கச் சொன்னதற்கே டாக்டர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். தாளைக் கொடு என்றால்?

கதிர்_பிஜே
இது ஒன்றில் நான் உங்களோடு. தம்பிக்குக் கொடுத்த உறையில் மருந்தின் பெயரையே பாதிதான் படிக்க முடிந்தது.

ஜெலுத்தோங்_மருந்தாளர்
மல்லிகா, பயனீட்டாளருக்கான மருந்து விவரத்தாளை ரிமுப் என்பார்கள். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையப்பக்கத்தில் மலாயில் கிடைக்கும். பக்கவிளைவு என்று அங்கேயே புகாரும் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. கிளினிக்கில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

பிறை_மல்லிகா
இன்று போன வழியில் அந்தக் கிளினிக்கில் கேட்டேன். கவுண்டர் அக்கா 'யாருமே கேட்டதில்லையே' என்று ரொம்ப நேரம் டிராயரைக் கிளறினார். கடைசியில் ஸ்டேப்லர் அடியில் மடிந்து கிடந்த தாளை எடுத்துக் கொடுத்தார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், தலைச்சுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். எல்லாம் இருக்கிறது. பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டேன். செந்தூல் அண்ணே, கம்பெனியை விட்டுவிடுகிறேன். டாக்டர்மேல் போட எத்தனை வருடம் அவகாசம்?

செந்தூல்காரன்
தனியார் டாக்டர் என்றால் ஆறு. அரசாங்க ஆஸ்பத்திரியாக இருந்தால் மூன்றுதான். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.